ஆச்சரியக்குறிக்கு அனுமதியில்லை

கூகுள் தேடல் விளம்பரத்தின் தலைப்பில் ஆச்சரியக்குறி போடக் கூடாது. இது விதி. தள்ளுபடியை மூன்று ஆச்சரியக்குறியோடு அறிவித்தே பழகியவருக்கு இதைச் சொன்னால் மூச்சு முட்டும். சரி, வேறு வழியில் கத்தலாம் என்று 'இ.ல.வ.ச.ம்' என எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இங்கே சொடுக்குங்கள்' என்ற கெஞ்சலும் செல்லாது.

2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு கூகுள் இந்த விளம்பரக் கடையைத் திறந்தபோது தலைப்புக்குக் கொடுத்த இடம் 25 எழுத்து. 2016இல் பெரிய மனது வைத்து, 30 எழுத்தில் இரண்டு தலைப்பு என்றார்கள். இப்போது 15 தலைப்புகள் வரை எழுதித் தரலாம். அதிகபட்சம் மூன்றுதான் வெளியே வரும். எந்த மூன்று, எந்த வரிசையில் என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே தீர்மானிக்கும். பதினைந்து கறி சமைத்தவருக்குப் பந்தியில் எட்டிப் பார்க்கக்கூட உரிமை இல்லை.

இத்தனை கெடுபிடியிலும் ஜெயித்தவர்கள் உண்டு. அலெக் பிரவுன்ஸ்டீன் நியூயார்க்கில் விளம்பர வாசகம் எழுதுபவர். நல்ல நிறுவனமாகப் பார்த்துச் சேர ஆசை. எல்லாரும் ரகசியமாகச் செய்கிற ஒரு காரியம் அவருக்குத் தெரிந்திருந்தது: தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பது. (செய்யாதவர் கை தூக்கலாம், யாரும் நம்பப்போவதில்லை.) தான் மதிக்கும் படைப்பு இயக்குநர்கள் சிலரின் பெயர்களையே தேடுசொல்லாக வாங்கினார். யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்? சொடுக்குக்கு 15 சென்ட்தான். அவர்களில் ஒருவர் தன் புகழைத் தேடியதும் உச்சியில் நின்றது, அவரையே பெயர் சொல்லி அழைக்கும் தலைப்பு. கீழே, உங்களை நீங்களே தேடுவது ஜாலி, எனக்கு வேலை கொடுப்பதும் ஜாலி என்ற பொருளில் ஒரு வரி. மொத்தச் செலவு 6 டாலர். யங் அண்ட் ரூபிகாம் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 2010இல் ஊரெல்லாம் இதே பேச்சு.

2013இல் பிரிட்டனில் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்காரர்கள் எழுத்துப்பிழைகளை வாங்கினார்கள். அடிக்கடி தேடப்படும் 500 சொற்களை எப்படியெல்லாம் தப்பாக அடிக்கலாமோ அப்படியெல்லாம் அடித்து, 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகளைத் திரட்டினார்கள். தப்பாக அடித்தவர் முன்னால் விளம்பரமும் பிழையோடு வந்து, பசியோ என்று விசாரித்தது.

இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் போனது இணையச் சந்தையான ஈபே. தலைப்பில் ஓர் ஓட்டை விட்டுவைத்தால், எந்தச் சொல்லைத் தேடினாலும் அது தானே வந்து உட்காரும் வசதி கூகுளில் உண்டு. எழுதும் சிரமமே இல்லை. ஆனால் தேடுசொல் பட்டியலில் தவறிப்போய் 'மாமியார்' இருந்துவிட்டால், 'மாமியார், மலிவு விலையில்' என்று தலைப்பு தயாராகிவிடும். பல கோடிச் சொற்களை வைத்திருந்த ஈபே இந்த வசதியை மனமார நம்பியது.

2012இல் அந்த நிறுவனத்துப் பொருளியல் அறிஞர்களே ஒரு சோதனை செய்தார்கள். 'ஈபே' என்று தேடுபவருக்கு வரும் விளம்பரத்தை யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் நிறுத்தினார்கள். போயிருக்க வேண்டிய சொடுக்குகளில் 99.5 சதவீதம், கீழே காசில்லாமல் கிடந்த ஈபேயின் இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தது. அந்தத் தலைப்புகளை எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆய்வுக் கட்டுரை சொல்லவில்லை.