இனிஷியல்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை முன்வைத்து ஓர் ஆய்வு

சாதி இரண்டுதான் என்று ஔவையார் தீர்ப்புச் சொன்னார்: கொடுப்பவர், கொடாதவர். ஆன்லைன் விண்ணப்பம் வந்தபிறகு அந்தப் பகுப்பு காலாவதியாகிவிட்டது. இன்றைய இரண்டு சாதிகள், 'லாஸ்ட் நேம்' உள்ளவர், இல்லாதவர். இரண்டாவது சாதியின் தலைநகரம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு எழலாம். இத்துறையில் வேறு ஆய்வாளர் எவரும் இல்லாத காரணத்தால், அம்பத்தூர் என்றே இங்கு முடிவு செய்யப்படுகிறது.

ஆய்வுப் புலம், சென்னையின் மேற்குப் புறநகர்: கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி. வடக்கு எல்லை வாசகர் வசதிக்கு விடப்பட்டுள்ளது. ஆய்வு முறை: கேட்டறிதல், ஒட்டுக்கேட்டல், பிரவுசிங் சென்டர் வரிசையில் நின்றபடி அடுத்தவர் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தல்.

மூன்றாவது முறையில் கிடைத்த தரவு ஒன்றை முழுமையாகத் தருவது அவசியம். அம்பத்தூர் மார்க்கெட் பக்கம், சாமி படத்துக்குக் கீழே பிரிண்டர் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய கடை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு தம்பி. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மா, மடியில் ஆதார் அட்டைகள் திணித்த ஜவுளிக்கடைப் பை.

"அக்கா, லாஸ்ட் நேம் என்ன போட?"

"கடைசிப் பையன் பேரு எதுக்குப்பா? பாஸ்போர்ட்டு பெரியவனுக்குத்தான்."

தம்பி சிரிக்கவில்லை. இந்தப் பதிலை அவன் நிறையக் கேட்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். சிக்கல் அதன் பின்னால் வரும் வேலை விண்ணப்பத்தில், டிக்கெட்டில். அங்கே 'எஸ்' என்று போட்டால் ஓர் எழுத்து போதாது என்கிறது திரை. புள்ளி வைத்தால் சிறப்புக் குறி கூடாது என்கிறது. காலியாக விட்டால் சிவப்பாகிறது. கடைசியில் சொந்தப் பெயரையே இன்னொரு முறை அடித்து 'குமார் குமார்' என்று அனுப்பிவைக்கிறார்கள். குமாருக்குத் தந்தை குமாரே என்று ஆவணம் சாட்சி சொல்கிறது. தான்தோன்றி ஈஸ்வரன் கோயில்கள் நாட்டில் பல உண்டு. தான்தோன்றிக் குமார்கள் இப்போதுதான் தோன்றுகிறார்கள்.

இனி மூலத்துக்கு வருவோம். இனிஷியல் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று ஒரு தரப்பு வாதிடும். எழுத்து அவன் கொடுத்தது, சரக்கு நம்முடையது. சங்கப் புலவர் பட்டியலில் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஒருவர் இருக்கிறார். ஊர், அப்பா, ஆள், இந்த வரிசை அப்படியே இன்றைய இனிஷியல் வரிசை. நக்கீரர் இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் எம்.கே. நக்கீரன் ஆகிவிடுவார். (நெற்றிக்கண் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று பேசும் குணத்துக்கு, குவாலிட்டி கன்ட்ரோல் பிரிவில் போடலாம்.) உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் அப்பா, சாமிநாதையர் பிள்ளை என்றிருந்ததும் இதே வாய்பாடுதான். உ.வே.சா. என்று சுருங்கியபோது ஊர், அப்பா, பிள்ளை மூவருக்கும் ஆளுக்கோர் எழுத்து என்று சமபங்கு கிடைத்தது.

பெயருக்கு முன்னால் நிற்பது இவ்வளவு பழையது என்றால், பின்னால் ஏன் ஒன்றுமில்லை? முன்பு இருந்தது. சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தன் வாலை விட்டார். முன்னால் இருந்த மூன்று எழுத்துகளை விடவில்லை. ஒரு படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டம் காலியாகக் கிடப்பதன் பின்னால் இப்படி ஒரு மாநாடு இருக்கிறது என்பது அந்தப் படிவத்தை வடித்த மென்பொருள்காரருக்குத் தெரிய நியாயமில்லை. அவரும் போரூர்ப் பக்கத்துப் பையனாக இருக்கலாம், அவருக்கும் லாஸ்ட் நேம் இல்லாமலிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஆக, இனிஷியல் என்பது ஒரு தலைமுறை ஆயுள் கொண்ட குடும்பப் பெயர். முருகனின் மகன் எம். குமார், குமாரின் மகள் கே. திவ்யா. பேத்தி பெயரில் தாத்தாவுக்கு இடமில்லை. தாத்தாக்கள் இதை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் ஏறத்தாழ இதே முறையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் டெலிபோன் டைரக்டரியில் ஆளின் சொந்தப் பெயர்தான் அகரவரிசை. நார்வேக்காரர்களும் ஒருகாலத்தில் நம் கட்சிதான். 1923இல் வந்த சட்டம் எல்லாருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட, அவரவர் இனிஷியல் அப்படியே உறைந்துவிட்டது. சதுரங்க வீரர் மேக்னஸ் கார்ல்சன் பெயருக்கு 'கார்லின் மகன் மேக்னஸ்' என்று பொருள். அவருடைய அப்பா பெயர் ஹென்ரிக். நம் கணக்குப்படி எச். மேக்னஸ் என்றுதான் பலகையில் எழுத வேண்டும்.

கார்ல்சனை இழுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த ஆய்வுக்கு உலகிலேயே சிறந்த ஆய்வகம் சதுரங்கப் பலகை. அந்தப் பலகையின் ஒரு கால் நம் மேற்குப் புறநகரில் ஊன்றியிருக்கிறது. முதலில் ஆனந்த். ஆளின் பெயர் ஆனந்த், அப்பா பெயர் விஸ்வநாதன். ஐரோப்பியர்கள் முன்னால் நின்றதைச் சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதையும் 'விஷி' என்று செல்லமாகச் சுருக்கினார்கள். தென்னக ரயில்வேயில் உயர்பதவி வகித்த ஒரு பெரியவரை உலகமே செல்லப்பெயரில் கூப்பிட்டது. பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த தலைமுறை உஷாரானது. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும், அவரைப் போலவே வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷும் உலக செஸ் கூட்டமைப்பின் பட்டியலில் 'பிரக்ஞானந்தா ஆர்', 'குகேஷ் டி' என்று நிற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே இனம். அறுத்துப் பார்த்தால் வேறு. ஆர் என்பது அப்பா ரமேஷ்பாபு. அக்கா வைஷாலியும் அதே ஆர்தான், இருவரும் கிராண்ட்மாஸ்டர். ஆனால் அந்த ஆர் அவர்களோடு சரி. டி என்பது தொம்மராஜு, தெலுங்கு வீட்டுப் பெயர். அது அப்பாவுக்கும் டி, நாளை பிள்ளைக்கும் டி. ஓர் எழுத்துக்குள் ஒன்று மாத வாடகைக்கு இருக்கிறது, இன்னொன்று சொந்த வீட்டில் இருக்கிறது. வெளியே தொங்கும் பலகை மட்டும் ஒன்றே.

2024 டிசம்பரில் சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியில் குகேஷ் வென்றது டிங் லிரெனை. சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆக டிங்கும் முன்னால், தொம்மராஜுவும் முன்னால். குடும்பத்தை முன்னே நிறுத்தி ஆளைப் பின்னால் வைக்கும் இருவர், ஆளை முன்னே வைத்துக் குடும்பத்தைப் பின்னால் கட்டும் உலகத்தின் பட்டத்துக்காகப் பதினான்கு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். செஸ் வல்லுநர்கள் எவரும் இந்தக் கோணத்தைத் தொடவில்லை என்பது வியப்பளிக்கிறது.

அயல்நாட்டில் ஏற்படும் விளைவுகள் தனி ஏட்டுக்குரியவை. இரண்டை மட்டும் குறிப்பிடலாம். குமார் முருகன் என்று பதிவான நம் எம். குமார், வேலைக்குப் போன இடத்தில் 'மிஸ்டர் முருகன்' ஆகிறார். அது அப்பாவுக்குப் போக வேண்டிய மரியாதை, இருக்கட்டும். கூடப் போன மனைவி 'மிஸஸ் முருகன்' ஆகிறார். அம்பத்தூரில் மிஸஸ் முருகன் என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவர் மாமியார். எந்த மருமகளும் இந்தப் பதவி உயர்வைக் கேட்டு வாங்கியதாகச் சான்றில்லை. இரண்டாவது: ஒற்றைப் பெயரோடு போனவர்களுக்கு அமெரிக்க விசாவில், முன்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். அது இனிஷியல்தான் என்று நம்பி ஊர் வந்து சேர்ந்தவர்கள் இருக்கக்கூடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் இடமில்லை என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது. துபாய் வரை வந்து காப்பாற்றியதும் அப்பாதான்.

2021 டிசம்பரில் தமிழக அரசு, இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. இதன் கணித நன்மை போதுமான அளவு பேசப்படவில்லை. வகுப்பில் மூன்று கார்த்திக், மூவருக்கும் 'எஸ்'. சுப்பிரமணி, செல்வம், சேகர் என மூன்று அப்பாக்கள் ஓர் எழுத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். சு., செ., சே. என்று ஆனதும் தனித்தனியே மூச்சுவிடுகிறார்கள்.

ஆனால் அரசு கொடுத்த எழுத்து ரிக்கார்டோடு சரி. பேச்சில் ஆளுக்கு முன்னால் நிற்பது ஸ்டேஷன்: ஆவடி மாமா, பட்டாபிராம் பெரியம்மா, கொரட்டூர் சித்தப்பா. வீடு மாறினாலும் இந்தப் பட்டம் மாறாது. கொரட்டூர் சித்தப்பா பூந்தமல்லியில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனாலும் கொரட்டூர் சித்தப்பாவே. இதற்கு முன்னோடி திருக்கச்சி நம்பி. பிறந்தது பூவிருந்தவல்லி என்கிற இதே பூந்தமல்லி. காஞ்சியில் வரதருக்கு ஆலவட்டம் வீசியதால் பெயருக்கு முன்னால் கச்சி ஏறிக்கொண்டது. சொந்த ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இனிஷியலை வேலை பார்த்த ஊர் தட்டிச் சென்றதற்கு இதைவிடப் பழைய வழக்கு இப்பகுதியில் அகப்படவில்லை.

ஊர்களுக்கும் இந்த ஆசை உண்டு. ஆவடி என்பதே ஆங்கில முதலெழுத்துகளின் கோவை, 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்று ஷேர் ஆட்டோவில் அடித்துச் சொல்வார்கள். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோதே ஊர் பெயர் ஆவடி. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். இதைச் சொன்னால் ஷேர் ஆட்டோவில் நட்பு குறைகிறது.

இத்துறையில் கடைசி வரை போன ஊர் அம்பத்தூர் ஓ.டி. ஓல்ட் டவுன் என்பார் உண்டு, ஒரகடம் டெர்மினஸ் என்பார் உண்டு. எதுவானாலும் பெயர் முன்னே, எழுத்து பின்னே என்பது குகேஷ் டி பாணி. செஸ் கூட்டமைப்பு எழுத ஆரம்பிக்கும் முன்பே மாநகரப் பேருந்துப் பலகையில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த கட்டம், மருதூர் கோபால ராமச்சந்திரன் எம்.ஜி.ஆர். ஆனதைப் போல, எழுத்து பெயரையே விழுங்கிவிடுவது. அதுவும் நடந்தாயிற்று. எஸ்டேட் தாண்டியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார்: "ஓ.டி.லாம் முன்னாடி வா!"