வளையல் விலை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கடை. பட்டுநூல் வளையல் ஜோடி 25 வெள்ளி. நூல் சுற்றியது மூன்று தனித்தாய்மார் என்றதும் வாங்க வந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெண்களைக் கைதூக்கி விடணும்மா” என்றவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு, “15 போடுங்களேன், பிரிக்பீல்ட்ஸில் பத்துதான்லா” என்றார்.

அங்கே விற்பது பெட்டியில் வந்திறங்கிய இயந்திர வளையல். சொன்னால் கோபம் வரும்.

பெண்களைக் கைதூக்கிவிட, குறுங்கடன் தரும் அமானா இக்தியார் மலேசியாவும் 2024இல் இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கு 5 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. திட்டத்தின் பெயரே ‘பெண்’. நல்ல திட்டம். கடனென்பதால் தவணை கட்டவேண்டும். அங்கே பேரம் செல்லாது.

அம்மா 18 வெள்ளிக்கு வாங்கினார். பொட்டு அட்டை ஒன்று இலவசம். வாகனம் நிறுத்திய கட்டணத்தை மட்டும் வாய் திறக்காமல் கட்டினார்.