இன்னொரு கோட்டுக்காரர்

சீலிங்கில் தெரியும் பழுப்புக் கறையை இன்னொரு கோட்டு பெயிண்ட் அடித்தே ஒழித்துவிடலாம் என்று நம்புகிறவர் இன்னொரு கோட்டுக்காரர். கான்கிரீட் வீடு உள்ள ஊரிலெல்லாம் இருப்பார் என்றாலும், அந்தியூரில் ஆடி மாதம் நெருங்கும்போது சுலபமாக அடையாளம் தெரியும். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கும், கூடவே கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்கும் சொந்தபந்தம் வந்து இறங்குவதற்குள் வீடு பளிச்சென்று ஆகவேண்டும். வந்தவர்கள் பாயை விரித்து மல்லாந்தால் கண் போகிற இடம் சீலிங்தான். மொட்டைமாடிக்கு எந்தச் சம்பந்தியும் ஏறிப் பார்ப்பதில்லை. ஆகவே மேலே செலவழிக்கும் ரூபாய் வீண், கீழே செலவழிப்பது கௌரவம்.

கறை பிறப்பதோ மேலேதான். தட்டோடுகளின் இடைவெளியில் பூச்சு விட்ட இடம், சருகு அடைத்த மழைநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டியின் கசிவு என ஏதோ ஒன்றின் வழியே நீர் இறங்கி, கான்கிரீட்டில் உள்ள உப்பையும் கம்பியின் துருவையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயும்போது கரைந்து வந்ததெல்லாம் ஓரத்தில் ஒதுங்குவதால்தான் நடு வெளுத்து, விளிம்பு கறுத்த வளையங்கள்.

எமல்ஷனும் டிஸ்டம்பரும் தண்ணீர் கலந்த பெயிண்டுகள். அடித்த கையோடு அந்தத் தண்ணீர் பழைய கறையைக் கரைக்கிறது. காயும்போது கறையையும் மேலே இழுத்து வருகிறது. சாயங்காலம் வெள்ளை, விடிந்தால் பழுப்பு. மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டத் தெரிந்த மனிதருக்கு, ஒவ்வொரு கோட்டிலும் கறைக்கும் அதையேதான் செய்கிறோம் என்பது பிடிபடுவதில்லை.

பெயிண்டருக்குப் பிடிபடும்.

“ஏனுங்ணா, மேல ஒழுக்கு இருக்குதானு பாத்துப் போட்டு அடிக்கலாமுங்களா?”

“அது போன வருசத்து ஈரம் கண்ணு, காஞ்சு போச்சு. நீ இன்னொரு கோட்டு இழு.”

பெயிண்டர் இழுக்கிறார், கூலி கோட்டுக் கணக்கில் வரும்போது அதற்குமேல் வாதாடுவது அவருக்கும் நஷ்டம். கறை திரும்பியதும் குற்றம் முதலில் பெயிண்டர் மேல், பிறகு கடைக்காரர் மேல், கடைசியில் பழைய கொத்தனார் மேல் விழுகிறது. சுவராக இருந்தால் ஒரு காலண்டரில் விஷயம் முடிந்திருக்கும். சீலிங்கில் அதற்கு வழியில்லை.

சரியான வைத்தியம் ஒன்றும் ரகசியமல்ல. முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகு தளம் முழுதாகக் காய வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். உதிரும் பூச்சைச் சுரண்டி, தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பிரைமரைக் கறைமேல் ஒரு கை அடித்து, அது காய்ந்தபின் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் பழைய கறை அடங்கும். இன்னொரு கோட்டுக்காரருக்கு இது மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரிசை பிசகாமல் சொல்வார். தன் வீட்டில் மட்டும் காய வைக்க நாள் இருக்காது, திருவிழா முந்திக்கொள்ளும். அந்தப் பக்கம் மழை வலுப்பது புரட்டாசி, ஐப்பசியில் என்பதால், ஆடி வெயிலில் அடித்தது ஓரிரு மாதம் தாக்குப்பிடிக்கவும் செய்யும். அவர் நம்பிக்கை வளர்வது அந்த ஓரிரு மாதத்தில்தான்.

கோட்டுகள் தடித்து, அப்பளமாக உரியத் தொடங்கும் கட்டத்தில் அவர் ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடுகிறார். கறை கண்ணுக்கு மறைகிறது, ஒழுக்கு தொடர்கிறது. ஜிப்சம் தண்ணீரைக் குடித்துத் தொய்யும். பழுப்பு வளையம் புதுப் பலகையில் தெரிந்ததும் பெயிண்டருக்குப் போன் போகும்.