பார்க் அவென்யூ தரகர்

பழைய ஜெர்மன் கார்களைக் கும்பிடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு தலபுராணம் கிடைக்கும். ஸ்டட்கார்ட்டில் ஒரு மேதை நடுராத்திரியில் பென்சிலைக் கையில் எடுத்தார், ஞானம் பிறந்தது, கதவு இறக்கை போல மேலே திறந்தது என்கிற ரீதியில் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புராணத்தில் ஒரு ஆளை வசதியாக மறந்துவிடுவார்கள். நியூயார்க்கில் கடை போட்டு உட்கார்ந்துகொண்டு, நீ செய்கிற கார் இங்கே விலைபோகாது, நான் சொல்கிற காரைச் செய்து அனுப்பு என்று ஜெர்மன்காரர்களை நச்சரித்தே காரியம் சாதித்த ஒரு வியன்னாக்காரர். பெயர் மாக்ஸ் ஹாஃப்மன். கல்யாணத் தரகர்களில் இரண்டு வகை உண்டு. இருக்கிற மாப்பிள்ளையைக் காட்டுகிறவர்கள் ஒரு வகை. பெண் வீட்டுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டுமென்று கேட்டுக்கொண்டு போய், பையனின் மீசையை எடுக்க வைத்து, உத்தியோகத்தையும் மாற்ற வைத்துக் கூட்டி வருகிறவர்கள் இன்னொரு வகை. ஹாஃப்மன் இரண்டாவது வகை.

1904-ல் பிறந்தவர். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளிலும் சின்னக் கார்களிலும் பந்தயம் ஓடினார். முப்பது வயதை நெருங்கும்போது, ஓட்டுகிறவனைவிட விற்கிறவனுக்கு ஆயுசு கெட்டி என்று உறைத்ததோ என்னவோ, பந்தயத்தை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கார்களுக்கு ஏஜென்சி எடுத்தார். ரோல்ஸ் ராய்ஸ், ஆல்ஃபா ரோமியோ, டெலாஹே என்று வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில், 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஹாஃப்மனின் அப்பா யூதர். மகன் பாரிஸுக்கு ஓடினார். கொஞ்ச நாளில் ஹிட்லருக்கும் பாரிஸ் பிடித்துப்போனது. 1941-ல் ஹாஃப்மன் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவும் போரில் இறங்க, 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். கார் விற்க வந்தவருக்கு விற்கக் கார் இல்லை.

வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவர் பிளாஸ்டிக்கின் மேல் உலோகப் பூச்சு ஏற்றிக் கவரிங் நகை செய்ய ஆரம்பித்தார். போர்க்காலத்தில் நிஜ உலோகத்துக்குத் தட்டுப்பாடு. நகை ஆசைக்கு ஏது தட்டுப்பாடு? நன்றாகவே சம்பாதித்தார். பின்னாளில் அவர் விற்ற கார்களில் பளபளப்பு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று சிலர் குழம்பியதற்கு இந்தத் தொழிற்பயிற்சிதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போர் முடிந்தது. 1947-ல் பார்க் அவென்யூவில் ஷோரூம் திறந்தார். நியூயார்க்கின் பணக்காரர்களிலும் பெரிய பணக்காரர்கள் குடியிருக்கும் வீதி. கடைக்குள் நின்றது ஒரே ஒரு பிரெஞ்சு டெலாஹே. சரக்கு இல்லாத குறையைக் கௌரவமாக மாற்றத் தெரிந்தவருக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அடுத்து ஜாகுவார் வந்தது. 1950-ல் வோல்க்ஸ்வாகன் வந்தது. ஹிட்லருக்குப் பயந்து இரண்டு நாடு தாண்டி ஓடிவந்தவர், ஹிட்லரின் ஆசைப்படி பிறந்த வண்டுக் காரை யூதர்கள் நிறைந்த நியூயார்க்கில் விற்க உட்கார்ந்தார். வியாபாரத்தில் வன்மம் பார்க்கலாமா? முதல் வருஷம் போனது 330 வண்டிகள். ஜாகுவார் கேட்டு வந்த டீலர்களின் தலையில் கூடவே சில வண்டுகளையும் கட்டினார் என்று சொல்வார்கள். பார்க் அவென்யூக் கண்களுக்கு அது கார் மாதிரியே தெரியவில்லை. ஹாஃப்மனுக்கும் அதில் மனசு ஒட்டவில்லை. 1953-ல் அந்த ஏஜென்சி அவர் கையைவிட்டுப் போனது. அறுபதுகளின் கடைசியில் அதே வண்டு அமெரிக்காவில் வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காசைப் பிறத்தியார் எண்ணினார்கள்.

போர்ஷே விஷயத்தில் மனுஷர் ஏமாறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூச்ச சுபாவம். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஐந்து கார் விற்றாலே பெரிசு என்று நினைத்தார்களாம். வாரத்துக்கு ஐந்து விற்க முடியாதென்றால் எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்றாராம் தரகர். கொஞ்ச வருஷத்தில் நிஜமாகவே அந்தக் கணக்கைத் தாண்டிக் காட்டினார். அதோடு விட்டாரா? காரின் மூக்கில் கௌரவமாக ஒரு சின்னம் வேண்டுமென்றார். நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஃபெர்ரி போர்ஷே குதிரையும் மான்கொம்பும் போட்ட சின்னத்தை நாப்கினில் வரைந்து காட்டினார் என்பது குடும்பக் கதை. தொழிற்சாலையில் ஃபிரான்ஸ் ரைம்ஷ்பீஸ் என்ற வடிவமைப்பாளர்தான் முறையாக வரைந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. பாவம், அவர் வரைந்தது ஆபீஸ் காகிதத்தில். நாப்கினுக்கு இருக்கிற மவுசு அதற்கு ஏது?

பிறகு விலை ஜாஸ்தி என்று ஒரு பாட்டு. 3,000 டாலருக்குள் ஒரு போர்ஷே வேண்டும். 1954-ல் வந்த ஸ்பீட்ஸ்டர் அப்படிப் பிறந்ததுதான், விலை 2,995. அந்த விலைக்குக் கொண்டுவர எதையெல்லாம் கழற்றினார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். முகப்புக் கண்ணாடியைக் குட்டையாக்கினார்கள். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகத் திரை. கூரை என்ற பெயரில் ஒரு மெல்லிய துணி. ஹீட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு. மழை வந்தால் காரும் நனையும், ஓட்டுகிறவரும் நனைவார். கலிஃபோர்னியாவில்தான் மழையே கிடையாதே! நடிகர் ஜேம்ஸ் டீன் ஒன்று வாங்கினார். சிக்கனத்துக்காகக் குட்டையாக்கிய கண்ணாடியைப் பற்றி இன்றைக்குக் கார் பித்தர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், வேகத்தின் தத்துவமாம்.

மெர்சிடீஸ் கதை இன்னும் ருசி. 1952-ல் அவர்கள் 300 எஸ்.எல். என்றொரு பந்தயக் கார் செய்தார்கள். மெல்லிய இரும்புக் குழாய்களை வலை மாதிரி பற்றவைத்த சட்டம். பலத்துக்காக அது பக்கவாட்டில் உயரமாக எழும்பி நின்றதால், சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. வேறு வழியின்றிக் கதவைக் கூரையில் கீல் போட்டு மாட்டினார்கள். பித்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அந்த இறக்கைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஞானம் அவ்வளவுதான். அந்தக் கார் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது. மெக்ஸிகோ பந்தயத்தில் ஒரு கழுகு முகப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தும் ஜெயித்தது. அடுத்த கழுகுக்காகக் கண்ணாடிக்கு முன்னால் கம்பி வைத்துக் கட்டி, மிச்சத் தூரத்தை ஓட்டினார்கள். ஜெர்மன் முன்ஜாக்கிரதை.

பந்தயம் முடிந்தது, கம்பெனி அதை மறந்துவிட்டு டாக்ஸிக்கும் ஆபீஸருக்கும் ஏற்ற கார்களைச் செய்யத் திரும்பியது. ஹாஃப்மன் விடவில்லை. பார்க் அவென்யூவுக்கு அந்தப் பந்தயக் காரே வேண்டும், ஆயிரம் கார் எடுத்துக்கொள்கிறேன் என்று நின்றார். 1953 செப்டம்பரில் ஒருவழியாகத் தலையாட்டினார்கள். ஐந்தே மாதத்தில், 1954 பிப்ரவரியில், கார் மேடை ஏறியது. ஜெர்மனியில் அல்ல, நியூயார்க் கண்காட்சியில். 1,400 கார்கள் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தது. விலை 6,820 டாலர். அந்தக் காசைக் கொடுத்தவர்கள் காருக்குள் ஏற வேண்டுமென்றால் உயரமான பக்கச் சுவரில் முதலில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, ஸ்டீயரிங்கை மடக்கிக்கொண்டு உள்ளே சரிய வேண்டும். பாவாடை அணிந்த பெண்களின் சங்கடத்தை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. பக்கக் கண்ணாடி கீழே இறங்காது. கோடையில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடலாம். நுழையும் வைபவத்தைக் கூட்டம் கூடிப் பார்த்தது. வாங்கினவர்களுக்கு அது போதாதா?

இத்தனை கௌரவமான கார்களுக்குச் சாதாரணக் கடை ஆகுமா? 430, பார்க் அவென்யூ என்ற விலாசத்தில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தைப் பிடித்தார். உள்ளே வடிவமைக்க ஃபிராங்க் லாய்ட் ரைட்டை அழைத்தார். ரைட்டுக்கு எண்பத்தைந்து வயது தாண்டியாயிற்று. அமெரிக்காவின் மிகப் பெரிய கட்டடக்கலைஞர் யார் என்று அவரைக் கேட்டால், கூச்சப்படாமல் தன் பெயரைச் சொல்லக்கூடியவர். நியூயார்க்கை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அதே ஊரின் பிளாஸா ஹோட்டலில் அறை போட்டுத் தங்கியவர். கார் என்றால் அவருக்கும் உயிர். கூலியில் ஒரு பகுதியை மெர்சிடீஸ் கார்களாகவே வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். இரண்டு பேரில் யார் யாரை ஏமாற்றினார் என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு.

கடைக்கு நடுவே சுழலும் மேடை. அதைச் சுற்றி வளைந்து ஏறும் சாய்தளம். எங்கே பார்த்தாலும் கண்ணாடி. அதே சமயத்தில் ரைட் அந்த ஊருக்கு கூகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் வரைந்துகொண்டிருந்தார். அங்கேயும் வளைந்து ஏறும் சாய்தளம்தான். ஒரு மாவில் இரண்டு தோசை. அங்கே ஓவியம் நிற்கும், பார்க்கிறவன் சுற்ற வேண்டும். இங்கே பார்க்கிறவன் நிற்கலாம், கார் சுற்றும். மொத்தமே சுமார் 3,600 சதுர அடி. நாலைந்து கார் நின்றால் விற்பனையாளர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்திருக்கும். முதலில் ஜாகுவாருக்காகத் திட்டமிட்ட இடம் இது. நடுவே பாயும் ஜாகுவார் சிலை ஒன்றையும் ரைட் யோசித்திருந்தார். 1955-ல் கடை தயாரானபோது ஹாஃப்மனின் கையில் ஜாகுவார் இல்லை. சிலையும் இல்லை.

இனி பி.எம்.டபிள்யூ. தரகரின் வாய்ச்சாலத்தை நம்பிக் குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்பார்த்த கதை. 300 எஸ்.எல்லுக்கும் மலிவான பிரிட்டிஷ் கார்களுக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கிறது, 5,000 டாலருக்கு ஒரு அழகான திறந்த கார் செய்தால் ஆயிரக்கணக்கில் தள்ளிவிடுகிறேன் என்றார். அவர்கள் வரைந்த படம் பிடிக்கவில்லை; நியூயார்க்கில் இருந்த ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் என்ற ஜெர்மன் பிரபு வம்சத்துக்காரரைக் கைகாட்டினார். கோர்ட்ஸ் வரைந்த 507, 1955-ல் அதே பார்க் அவென்யூவின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் அறிமுகமானது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிச் செய்ததில், 5,000 டாலர் என்ற விலை 9,000 ஆகி, அதற்கும் மேலே போனது. ஹாஃப்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் கேட்ட விலை இதில்லையே என்று ஒதுங்கினார். ஆயிரக்கணக்கில் விற்க வேண்டியது, 252-ல் நின்றது. ஒவ்வொன்றிலும் நஷ்டம். 1959 டிசம்பரில் பி.எம்.டபிள்யூவை மெர்சிடீஸ்காரர்களிடமே விற்றுவிடும் அளவுக்கு நிலைமை முற்றி, பங்குதாரர்கள் கூச்சல் போட்டதால் தப்பியது. 507 மட்டுமே காரணமில்லை என்பது நியாயம். ஆனால் தரகர் மேல் பழி போட அருமையான சாக்கு.

ராணுவ சேவைக்காக ஜெர்மனி போன எல்விஸ் பிரெஸ்லி ஒரு வெள்ளை 507-ஐ ஓட்டினார். ரசிகைகள் அதன் மேல் உதட்டுச் சாயத்தால் காதல் கடிதம் எழுத, தொல்லை தாங்காமல் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். அதே கார் பல வருஷம் கழித்து கலிஃபோர்னியாவில் ஒரு பூசணிக்காய்க் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது. பி.எம்.டபிள்யூவே எடுத்துப் புதுப்பித்து 2016-ல் ஊருக்குக் காட்டியது. பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அன்றைக்கு உச்சுக்கொட்டினவர்கள் கணக்கப்பிள்ளைகள்.

இத்தனைக்கும் பிறகு பி.எம்.டபிள்யூ அவரிடமே திரும்ப வந்ததுதான் வேடிக்கை. அறுபதுகளில் அவர்களுக்கும் அமெரிக்காவில் அவர்தான் கதி. சின்னக் காரில் பெரிய எஞ்சின் போடு என்று அவர் அரித்ததன் பலன்களில் ஒன்று 1968-ல் வந்த 2002. தங்கள் சொந்தக் கார்களில் அதே எஞ்சினை மாட்டிக்கொண்டு திரிந்த கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் அந்தப் பெருமைக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஓட ஆரம்பித்ததும் சம்பந்திகளுக்குத் தரகு உறுத்தியது. 1975-ல் அவருக்குப் பெரும் பணம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, சொந்தக் கம்பெனி வைத்துக்கொண்டார்கள். ஹாஃப்மன் அழவில்லை. 1981-ல் பெரும் பணக்காரராகவே செத்தார்.

கடை மட்டும் நின்றது. 1957-ஐ ஒட்டியே அது மெர்சிடீஸ் கைக்குப் போய்விட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ரைட்டின் மேடையில் மெர்சிடீஸ் கார்கள்தான் சுற்றின. அவர்கள் காலி செய்த பிறகு, 2013 மார்ச்சில், நகரத்தின் பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்துக்கு முழிப்பு வந்தது. இது ரைட் கட்டியதாயிற்றே, பாதுகாக்கப்பட்ட உட்புறமாக அறிவிக்க யோசிக்கிறோம் என்று கட்டடக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கட்டடக்காரர்கள் கடிதத்தைக் கவனமாகப் படித்தார்கள். அதே மாதம் 28-ம் தேதி இடிப்பு அனுமதிக்கு மனுப் போட்டார்கள். அனுமதி கையோடு கிடைத்தது. ஏப்ரல் பிறந்து ஆணையம் எட்டிப் பார்த்தபோது, பாதுகாக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நியூயார்க்கில் ஒரு சமையலறைச் சுவரை நகர்த்த அனுமதி கேட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் அந்த வேகத்தின் ரகசியத்தை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.