'ரன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் குறித்த சப்த விசாரம்

மூன்றே எழுத்துக்களாலாகி, ஐந்து வயதுக் குழந்தையும் பொருள் தெரிந்து சொல்லக்கூடியதாய், தெரிந்த அந்தப் பொருள் அநேகமாக எந்த இடத்திலும் பொருந்தாததாய் விளங்கும் 'ரன்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பாமரர்கள் பிரயோகித்தும் பண்டிதர்கள் எண்ணியும் வந்திருக்கிறார்களேயன்றி, அது உண்மையில் எதைச் சுட்டுகிறது என்று ஒருவரும் தீர விசாரித்ததாகத் தெரியவில்லை. எண்ணியவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்சன், வரையறைக்குள் அகப்படாமல் தம்மை அலைக்கழித்த சின்னஞ்சிறு வினைகளை முகவுரையில் வரிசைப்படுத்தும்போது இதையும் மறவாமல் சேர்த்திருக்கிறார். ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்லே அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பின்னர் நடந்த திருத்தத்தில் 'ரன்' அதனை முந்தி, வினைப்பொருள் மட்டும் 645 என்ற கணக்கோடு முதலிடத்தைக் கைப்பற்றியது. இந்த ஒரு வினையைச் சீர்படுத்துவதற்குப் பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் ஒன்பது மாதங்கள் செலவிட்டாராம். நம் பாட்டிமார் கணக்குப்படி ஒரு பிரசவத்துக்கு ஒரு மாதந்தான் குறைவு.

'ரன்' என்றால் ஓடுதல் என்பது பூர்வபட்சம். பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை சகலரும் ஆதரிக்கும் இந்தக் கட்சியை மறுத்து, நிற்பவற்றையும் இருந்த இடம் பெயராதவற்றையும் குறிப்பதற்காகவே ஆங்கிலேயர் இச்சொல்லைப் பேணி வளர்த்திருக்கிறார்கள் என்று ஸ்தாபிப்பதே நம் சித்தாந்தம். ஓடுகிற பொருளிலும் அது சிற்சில இடங்களில் வழங்குவதை மறுப்பதற்கில்லை. எந்த விதிக்கும் விலக்கு உண்டு.

முதல் பிரமாணம் கிரிக்கெட். பந்தை அடித்துவிட்டு எதிர்முனைக்கு ஓடினால் ஒரு 'ரன்' என்பது வாஸ்தவந்தான். ஆனால் பந்து தானே உருண்டு எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், ஆட்டக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபோதிலும் அவர் கணக்கில் நான்கு 'ரன்'கள் ஏறுகின்றன. 1930-ஆம் வருஷம் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் டான் பிராட்மன் எடுத்த 334 ரன்களில் 46 நான்குகள், அதாவது 184 ரன்கள், ஓட வேண்டிய அவசியமில்லாத வகையைச் சேர்ந்தவை. பாதிக்கு மேல் ஓடாத ஓட்டமென்று இதனால் விளங்கும். பந்துவீச்சாளர் பந்தைத் தாறுமாறாகப் போட்டாலும் எதிர்க்கட்சிக்கு ஒரு 'ரன்' சேருகிறது. அங்கே ஓடியவர் உண்டென்றால், பந்து போட ஓடிவந்த அந்த அபாக்கியசாலி ஒருவர்தான், அவருக்கோ ரன் கிடையாது. உண்மையாகவே ஓடுகிறவருக்குக் கிடைக்கக்கூடிய வெகுமதி 'ரன் அவுட்'.

அடுத்தது நாடகமேடை. அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' என்னும் நாடகம் 1952 நவம்பரில் லண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் ஓடத் தொடங்கி, இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் ஓடி, 1974-இல் அதற்கு அடுத்தாற்போலிருந்த செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கை அடைந்தது. ஆமையும் நாணக்கூடிய இந்த வேகத்தை உலகத்தின் மிக நீண்ட ஓட்டமென்று ஆங்கிலேயர் கொண்டாடுகிறார்கள். நம் ஊரிலும் சினிமாப் படம் நூறு நாள் ஓடவில்லையா என்று வாசகர் கேட்கலாம். அங்கே படச்சுருளாவது இயந்திரத்துக்குள் ஓடியதென்று சமாதானம் சொல்ல இடமிருக்கிறது.

வங்கியின் விஷயம் இன்னும் விசித்திரமானது. வங்கி முறியப்போகிறதென்ற வதந்தி கிளம்பிப் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அதைத் திரும்பக் கேட்கும் சம்பவத்துக்கும் 'ரன்' என்றுதான் பெயர். 1866-இல் லண்டன் லம்பார்டு வீதியில் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் விழுந்தபோது நகரத்து வங்கிகள் பலவும் இதனால் நடுங்கின. 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக்கு அதே கதி நேர்ந்தபோது, அதன் கிளைகளின் வாசலில் ஜனங்கள், சிலர் மடக்கு நாற்காலியுடனும், மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். முண்டியடித்து ஓடியவரைக் காணோம். வரிசையில் நிற்பதைப் பரம தர்மமாகக் கொண்ட ஒரு ஜாதியார், தாங்கள் அசையாமல் நின்ற அந்தக் காட்சிக்கு ஓட்டமென்று பெயரிட்டதிலிருந்தே நம் சித்தாந்தம் உறுதிப்படவில்லையா?

தேர்தலில் மட்டும் ஆங்கிலேயர் சற்றுத் தடுமாறி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்: அவர்களுடைய வேட்பாளர் நிற்கிறார், அவர்களைப் பின்பற்றியோ என்னவோ நம்மவரும் நிற்கிறார். அமெரிக்க வேட்பாளரோ 'ரன்' செய்கிறார். அந்நாட்டு ஜனாதிபதி பதவிக்கு நான்கு முறை ஓடி நான்கு முறையும் வென்ற ஒரே மனிதர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-இல் வந்த நோயினால் கால்கள் செயலிழந்து, பிறர் துணையின்றி எழுந்து நிற்பதே அவருக்குப் பிரயாசையாக இருந்தது. இதைப் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. அவர் மன உறுதிக்கு முன்னால் அகராதி தலை குனியத்தான் வேண்டும். பதித்த இடத்தில் கிடக்கும் வேலியும் சாலையும் 'ரன்' செய்வதையும், மணல்மேட்டில் சிக்கி அசைவற்றுப்போன கப்பலுக்கும் அதே வினை உரியதென்பதையும் விரித்தால் கட்டுரை பெருகும்.

அப்படியானால் நிஜமாகவே ஓடுகிறவனை ஆங்கிலேயர் எப்படிச் சொல்கிறார்கள்? இங்கேதான் பரியாயச் சொற்கள் உதவிக்கு வருகின்றன. 'டாஷ்', 'ஸ்பிரிண்ட்', 'ட்ராட்', 'ஸ்கட்டில்', 'போல்ட்' என்று எத்தனையோ உண்டு. இத்தகைய சொற்கூட்டங்களை ஆயிரம் தலைப்புகளின்கீழ்த் தொகுத்து 1852-இல், தம் எழுபத்து மூன்றாம் வயதில், வெளியிட்டவர் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர். வேலிச் சட்டங்களின் இடுக்கு வழியே பார்க்கையில் உருண்டோடும் சக்கரத்தின் ஆரங்கள் வளைந்து அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுவதேன் என்று 1824-இல் ராயல் சொசைட்டியில் ஆராய்ச்சி படித்தவரும் அவரே. ஓடுவது நிற்பதாகத் தோன்றும் மாயையை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவரைத் தவிர வேறு யார் இந்தத் திருப்பணிக்குத் தகுதியானவர்?

ஆனால் பரியாயங்களையும் முற்றும் நம்புவதற்கில்லை. 'போல்ட்' என்றால் குதிரை லாயத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடுவது. அது ஓடாமலிருக்க லாயத்துக் கதவைத் தாழிடுவதும் 'போல்ட்'. 'ஸ்கட்டில்' என்றால் நண்டின் ஓட்டம். கப்பலை வேண்டுமென்றே துளையிட்டு மூழ்கடிப்பதும் அதுவே. வேகத்தைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' என்னும் சொல்லோ, அசையாமையையும் குறிக்கும். ஆகவே சலவையில் சாயம் ஓடாத துணிக்கு அவர்கள் 'ஃபாஸ்ட்' என்ற அடைமொழி தருகிறார்கள். வேகமானது ஓடாது, ஓடுவது வேகமானதன்று.

சாயம் என்றதும் நம் சென்னைப் பட்டணத்தின் பெயர் தாங்கிய கட்டம்போட்ட கைத்தறித் துணி ஞாபகத்துக்கு வருகிறது. 1960-களில் அமெரிக்க வாலிபர்கள் விரும்பி அணிந்த அந்தத் துணியில், ஒவ்வொரு சலவையிலும் ஒரு கட்டத்துச் சாயம் பக்கத்துக் கட்டத்துக்குச் சந்தேகத்துக்கிடமின்றி ஓடிற்று. குறையையே குணமாக்கி விளம்பரம் செய்த அந்நாட்டு வியாபாரிகள், உள்ளபடியே ஓடிய இந்த ஒரு வஸ்துவுக்கு 'ரன்' என்ற சொல்லைத் தர மனமில்லாமல், துணி ரத்தம் சிந்துவதாக உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள்.