ஏப்ரல் பண்டிதர்

கிளீவ்லாண்ட் என்றதும் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். ஈஸ்டர் சமயத்தில் அந்த ஊரே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் என்று மயிலாப்பூரில் ஒரு நம்பிக்கை. ஊர்க்காரர்களுக்கோ ஏப்ரலில் வேறொரு உற்சவம்: என்.எஃப்.எல். டிராஃப்ட். கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முடித்த பையன்களை 32 அணிகளும் முறை வைத்து, ஏழு சுற்றுகளில் பங்குபோட்டுக்கொள்ளும் மூன்று நாள் வைபவம். ஐ.பி.எல். ஏலத்தைப்போலப் பணத்தைக் காட்டி இங்கே யாரையும் இழுக்க முடியாது. போன பருவத்தில் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. 1936ல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் தொடங்கிய ஏற்பாடு இது. யோசனை சொன்னவர் ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல். முதல் டிராஃப்டின் முதல் தேர்வு யாருக்குக் கிடைத்தது என்றால், ஈகிள்ஸுக்கு. அப்படிப் பொறுக்கி எடுத்த ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட இறங்காமல் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஆக, டிராஃப்டில் கோட்டைவிடும் கலைக்கும் அதே வயதுதான்.

கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி 2016ல் பதினாறு ஆட்டங்களில் ஒன்றை வென்றது. அடுத்த ஆண்டு அந்த ஒன்றும் போயிற்று. இப்படி ஓர் அணிக்கு ரசிகராகப் பிறந்தவருக்கு செப்டம்பர் முதல் ஜனவரி வரை துக்கம் அனுஷ்டிப்பதே வேலை. நிஜமான ஆட்டம் ஏப்ரலில்தான். அங்கே எதிரணி கிடையாது, ஸ்கோர் கிடையாது, தோற்றது தெரியவே மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருட இடைவெளியில் குடியிருக்கும் ஜீவன்தான் ஏப்ரல் பண்டிதர். தெருவுக்கு ஒருவர் உண்டு. என் தெருவில் இருவர்; அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஐம்பதைத் தாண்டியவர். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த, கழுத்து தொளதொளத்த சட்டை. காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம். பிட்ஸ்பர்க் 2022ல் எடுத்த கென்னி பிக்கெட்டின் உள்ளங்கை எட்டரை அங்குலம், 2020ல் முதல் ஆளாகப் போன ஜோ பர்ரோவுக்கு ஒன்பது அங்குலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவியின் மோதிர அளவைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார். லெஃப்ட் டேக்கிளுக்குக் கை 33 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அவர் மதத்தின் முதல் கட்டளை. நன்றி நவிலும் நாள் விருந்துக்கு வந்த அக்காள் பையன் வான்கோழியை எடுக்கக் கையை நீட்டியபோது, இன்ச் டேப் வைத்து அளந்துவிட்டு, "உன்னை உள்வரிசைக்குத்தான் அனுப்பணும்" என்று தீர்ப்பளித்தார். பையன் வயலின் வாசிக்கிறவன்.

அவர் வாழ்க்கையின் ஒரே கேள்வி, எந்த இடத்துக்கு முதலில் ஆள் எடுப்பது என்பது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கா? அவர் முதுகைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளுக்கா? அந்த முதுகை ஒடிக்க ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எட்ஜ் ரஷருக்கா? எறிந்த பந்தை வாங்க ஓடும் வைடு ரிசீவருக்கா, அவரை ஒட்டிக்கொண்டே ஓடிக் கெடுக்கும் கார்னர்பேக்குக்கா? பந்தை இடுக்கிக்கொண்டு மனிதச் சுவரில் முட்டும் ரன்னிங் பேக்கை மட்டும் அவர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் குரல் உடைந்துவிடும். அதற்கு வருகிறேன்.

இந்தச் சாஸ்திரத்தில் இரண்டு சித்தாந்தங்கள். எந்த இடம் காலியோ அதற்கு ஆள் எடு என்பது ஒன்று. இடத்தைப் பார்க்காதே, இருப்பதில் கெட்டிக்காரனை எடு என்பது மற்றது. நம்மவர் இரண்டுக்கும் பக்தர். அணி முதல் வழியில் போனால், "மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்" என்பார். இரண்டாவது வழியில் போனால், "வீட்டில் அரிசி இல்லை, பட்டுப் புடவை வாங்கிவந்திருக்கிறார்கள்" என்பார், அவர் பாஷையில். அணி செய்ததற்கு எதிர்ச் சித்தாந்தம்தான் அவரது சித்தாந்தம் என்று எனக்குப் பட வெகுநாள் ஆயிற்று.

பொருளாதாரமும் பேசுவார். அதில் விஷயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010ல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதில் 50 மில்லியன் கட்டாயம். அடுத்த ஆண்டு சம்பள விதி மாறியது. அதே முதல் இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 22 மில்லியன்தான். அன்றிலிருந்து டிராஃப்டில் எடுக்கும் புதுப்பையன் மலிவு, சந்தையில் வாங்கும் அனுபவஸ்தன் ஆனை விலை. ஆகவே சந்தையில் எந்த இடத்துக்கு விலை ஏறிக் கிடக்கிறதோ அந்த இடத்தை டிராஃப்டில் நிரப்ப வேண்டும்: குவார்ட்டர்பேக், எட்ஜ், டேக்கிள், ரிசீவர், கார்னர். கார்டு, சேஃப்டி, ரன்னிங் பேக் எல்லாம் பிற்பாடு. கணக்கு சுத்தமாக இருக்கிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் இந்தக் கணக்கை மீறி 2018ல் இரண்டாவது இடத்தில் சகுவான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது தப்பு என்று அவர் ஆறு வருடம் ஊருக்கெல்லாம் நிரூபித்தார். 2024ல் பார்க்லி ஈகிள்ஸுக்குப் போய், ஒரே பருவத்தில் 2,005 கெஜம் ஓடி, கோப்பையும் வாங்கிக்கொண்டார். "ஜயன்ட்ஸுக்கு அவர் உதவவில்லையே, நான் சொன்னது சரிதானே?" என்றார் நம்மவர்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறார். டல்லாஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில், 1990களின் தொடக்கத்தில் உருவானது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600 என்று இறங்கிக்கொண்டே போகும். அணிகள் இடம் மாற்றிக்கொள்ளும்போது யாருக்கு லாபம் என்று இதை வைத்துத்தான் வெகுகாலம் பேரம் பேசினார்கள். பண்டிதர் இதை வீட்டு நிர்வாகத்திலும் புகுத்தப் பார்த்தார். இன்றைக்குக் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளுவதற்குப் பதில் வியாழனும் சனியும் பாத்திரம் கழுவி, கூடவே வசந்த காலத்தில் ஒருமுறை புல் வெட்டுவதாகப் பேரம். "எதிர்காலத் தேர்வு எதுவும் எனக்கு வேண்டாம். இப்பவே தொட்டியை வெளியே வை" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். பிரவுன்ஸ் நிர்வாகத்தில் இருந்திருக்க வேண்டியவர்.

எந்த இடம் முக்கியம் என்று அவர் சொல்வது அந்த ஆண்டு எந்தப் பழைய புண் வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. புண்களுக்குக் குறைவில்லை. 1996ல் முதலாளி அணியையே மூட்டை கட்டிக்கொண்டு பால்டிமோருக்குப் போய்விட்டார். போன கையோடு முதல் சுற்றில் டேக்கிள் ஜொனாதன் ஆக்டன், லைன்பேக்கர் ரே லூயிஸ் என்று இருவரை எடுத்தார்கள். இருவரும் பிற்பாடு புகழரங்கத்துக்குப் போனார்கள். அந்த இருவரும் கிளீவ்லாண்ட் சொத்து என்று பண்டிதர் இன்றும் தன் கணக்கில்தான் வைத்திருக்கிறார். 1999ல் புது பிரவுன்ஸ் பிறந்தது. முதல் தேர்வு டிம் கௌச், குவார்ட்டர்பேக். 2000ல் ஆறாம் சுற்றில் 183ஆவதாக இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள்: ஸ்பெர்கன் வின். பதினாறு இடம் தள்ளி, 199ல், டாம் பிரேடி போனார். இதைச் சொல்லும்போது பண்டிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

2004 தான் குடும்பச் சண்டை. அவர் மைத்துனர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் பக்தர்; காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான், ஆனால் வேறு கிரகம். வருடா வருடம் பார்மாவில் இருக்கும் ஒரு பாரில், உருளைக்கிழங்கு அடைத்த பிரோகியைப் பிய்த்துக்கொண்டே அப்பாவியாகக் கேட்பார்:

"அந்த ரோத்லிஸ்பர்கர் ஒஹாயோ பையன்தானே?"

"ஆமா."

"கல்லூரியும் ஒஹாயோதானே?"

"ஆமாங்கிறேன்."

"பதினோராவது இடத்தில் எங்களுக்குக் கிடைச்சானே, அதுக்கு முன்னாடி நீங்க யாரை எடுத்தீங்க?"

டைட் எண்ட் கெல்லன் வின்ஸ்லோவை எடுத்தார்கள், ஆறாவதாக. ஏழாவது இடத்தில் இருந்தவர்கள் ஒரே ஒரு படி ஏறுவதற்கு டெட்ராய்ட்டுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் தாரை வார்த்தார்கள். ரோத்லிஸ்பர்கர் பிட்ஸ்பர்க்குக்கு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். மைத்துனர் பில் வரும்போது கழிவறைக்குப் போய்விடுவார்; பண்டிதர்தான் கொடுப்பார்.

"அப்போ குவார்ட்டர்பேக்தான் முக்கியம்" என்று நாம் அவசரப்பட்டால், 2007ஐ எடுத்து வீசுவார். அந்த ஆண்டு மூன்றாவது இடத்தில் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸ். நியூயார்க் மேடைக்குக் கூப்பிட்டும் வராமல், அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். பிரவுன்ஸ் செய்த மிகச் சரியான தேர்வு. தொடர்ந்து 10,363 முறை ஆடுகளத்தில் ஒரு தடவைகூட விலகாமல் நின்றார், 2023ல் புகழரங்கம். வாழ்நாளில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம் ஆடவில்லை. அவர் முதுகு காத்த குவார்ட்டர்பேக்குகள் வந்து வந்து போனார்கள். காவல்காரர் தங்கம், பெட்டிக்குள்தான் ஒன்றும் இல்லை. லைன் ஆட்களை எடுப்பதா வேண்டாமா என்ற வாதத்தில் இரு தரப்புக்கும் ஜோ தாமஸ்தான் சாட்சி.

இப்போது அந்த ரன்னிங் பேக். 2012ல் டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுக்க நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு ஏறினார்கள், மினசோட்டாவுக்குத் தேர்வுகளைக் கொடுத்து. (அதே நாள் 22ஆவதாக பிராண்டன் வீடன் என்ற குவார்ட்டர்பேக். வயது 28; ஏற்கெனவே பேஸ்பால் ஆடிப் பார்த்துவிட்டு வந்தவர்.) அடுத்த ஆண்டே ரிச்சர்ட்சனை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாங்கினார்கள். பண்டிதர் கேக் வெட்டினார். அது 2014ல் 26ஆவது இடமாக வந்தது. அதையும் இன்னொன்றையும் ஈகிள்ஸிடம் கொடுத்து 22க்கு ஏறி, ஜானி மான்சியலை எடுத்தார்கள். இரண்டு பருவத்தில் அவர் கதை முடிந்தது. ஒரு ஜாதகத்தின் தோஷம் அடுத்ததற்கு இறங்கியதை அம்பு போட்டு வரைந்து வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

இத்தனை அடி வாங்கியும் அவர் சொன்னது எதுவும் தப்பாவதில்லை. அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் பதினாறு உத்தேசப் பட்டியல் எழுதி, எண் போட்டு வைப்பார். 2018ல் பிரவுன்ஸுக்கு முதல் தேர்வு. வாசலில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். அணி பேக்கர் மேஃபீல்டை எடுத்தது. ஜாஷ் ஆலன் ஏழாவதாக பஃபலோவுக்கும், லாமார் ஜாக்சன் 32ஆவதாக, எங்கே போகக்கூடாதோ அந்த பால்டிமோருக்கும் போனார்கள். மேஃபீல்ட் 2020ல் பிளே-ஆஃப் ஜெயித்தபோது மூன்றாம் பட்டியல் வெளியே வந்தது. ஜாக்சன் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனபோது பதினொன்றாம் பட்டியல். ஆலன் ஆனபோது ஆறாவது.

2022 முதல் சோதனைக் காலம். டிஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று வருட முதல் சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டனுக்கு எழுதிக்கொடுத்து, அவருக்கு 230 மில்லியன் டாலர் கட்டாயச் சம்பளமும் வைத்தது பிரவுன்ஸ். முதல் சுற்று இல்லாத ஏப்ரல்கள். பண்டிதர் தளரவில்லை. ஆராய்ச்சி கீழ்ச் சுற்றுகளுக்கு இறங்கியது. 68ஆவது இடத்தில் கார்னரா, ரிசீவரா என்று மைத்துனரோடு தொலைபேசியில் நடுராத்திரிவரை. (மூன்று ஆண்டு பசிக்கு 2025ல் விருந்து வைத்தார்கள்: ஒரே டிராஃப்டில் இரண்டு குவார்ட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக். அவர் இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை.)

அந்த 2022ல், நான்காம் சுற்றில், 124ஆவது இடத்தில், அணி ஒரு கிக்கரை எடுத்தது. கேட் யார்க். உதைக்க மட்டும் வருகிறவர். டிராஃப்டில் கிக்கர் எடுப்பவனுக்கு நரகத்தில் தனி அறை என்பது பண்டிதரின் கொள்கை. தம்பா பே 2016ல் இரண்டாம் சுற்றில் கிக்கரை எடுத்துச் சீரழிந்ததை உதாரணம் காட்டுவார். தெருவில் நின்று கத்தினார். செப்டம்பரில் முதல் ஆட்டம், கரோலினாவோடு. எதிரணியின் குவார்ட்டர்பேக் யாரென்றால், பிரவுன்ஸ் கைகழுவிய அதே மேஃபீல்ட். கடைசி சில விநாடிகள், பிரவுன்ஸ் ஒரு புள்ளி பின்னால். யார்க் 58 கெஜத்திலிருந்து உதைத்தார். உள்ளே போயிற்று. 26-24.

அன்று மாலை கதவைத் தட்டி, எட்டாம் எண் பட்டியலை என்னிடம் காட்டினார். நான்காம் சுற்று, கிக்கர் என்று எழுதியிருந்தது. மை கையில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு யார்க்கின் உதைகள் அங்கும் இங்கும் கோணிக்கொண்டு போயின. 2023 ஆகஸ்டில் அணி அவரை அனுப்பிவிட்டது. பண்டிதர் வேலியோரம் நின்று, நான்காம் சுற்றில் ஒரு கார்டு எடுத்திருக்கலாம் என்று தொடங்கினார். எட்டாம் பட்டியலில் கிக்கர் இருந்ததே என்றேன்.

"எட்டா? நான் எட்டு எழுதுறதே இல்லையே" என்றார். "ஏழுக்கு அப்புறம் ஒன்பது."