முகூர்த்தச் சட்டை

பெருமதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர் அவர்களின் சமூகத்திற்கு,

ஈரோட்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன் ஒருவனின் தகப்பன் பணிவோடு எழுதுவது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை இறைவணக்கத்தில் என் மகன் கையும் சட்டையுமாகப் பிடிபட்டான். பி.டி. மாஸ்டர் அவன் சட்டைப்பையை இழுத்துப் பார்த்திருக்கிறார். பையைச் சுற்றி இரட்டைத் தையல் ஓடியிருந்தது. தங்கள் பள்ளிச் சட்டையில் இரட்டைத் தையல் எங்குமே கிடையாதல்லவா? அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆமாங்க, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஜூன் மாதம் தங்கள் ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் வாங்கிய 30-ஆம் நம்பர் சட்டை, 640 ரூபாய், ஆயுத பூஜையைப் பார்க்கவில்லை. அக்குள் பிரிந்தது. காலருக்குள் வைத்த கேன்வாஸ், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியது. பேட்ஜ் பதித்த சட்டைப்பை மட்டும் நன்றாக இருந்தது. அந்தப் பையை அப்படியே வெட்டியெடுத்து, எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் கொடுத்து, வேறு துணியில் ஒரு சட்டை தைத்து ஒட்டவைத்தேன். துணியும் கூலியும் சேர்த்து 380 ரூபாய்.

மறுநாள் அலுவலகத்துக்கு வரச்சொல்லி டைரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். வந்தேன். அலுவலக மேடம் என் மகனின் சட்டையையும் பள்ளியின் புதுச் சட்டை ஒன்றையும் மேசைமேல் விரித்து, "சார், இது ஆஃப் வொயிட். நம்முடையது மில்க் வொயிட்" என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த பழைய சட்டையை, அதாவது தங்களுடைய அசல் மில்க் வொயிட்டை, பக்கத்தில் விரித்தேன். அது டீ வொயிட்டாக இருந்தது. மேடம் ஒரு கணம் பார்த்துவிட்டு, "எத்தனை தடவை துவைச்சீங்க?" என்றார்.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. துவைத்தது என் தவறு. தாங்கள் விற்றது முகூர்த்தப் பட்டு. அதை ஒரே ஒரு நாள் உடுத்தி, நிழலில் உலர்த்தி, பீரோவில் வைத்து, பேரன் பேத்திகளுக்குக் காட்ட வேண்டும். நாங்களோ அதைப் பையனுக்கு மாட்டி, முதுகில் ஆறு கிலோ புத்தகத்தை ஏற்றி, வேனில் திணித்து அனுப்பினோம். முகூர்த்தப் பட்டை உடுத்திக்கொண்டு யாராவது கபடி ஆடுவார்களா? என் பையன் ஆடியிருக்கிறான்.

டெய்லர் அண்ணனுக்கு இந்த ஞானம் இல்லை. தங்கள் சட்டையின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கடுகு மாதிரி கறுப்பு உருண்டையாக நின்றது. "முழு பாலியஸ்டருங்க" என்றார். பாலியஸ்டர் லேசில் கிழியாதே என்றேன். "துணி எங்கீங்க கிழிஞ்சுது? தையல்தான் விட்டிருக்குது. இஞ்சுக்கு ஆறு தையல் ஓட்டியிருக்காங்க. நானா இருந்தா பத்து, பன்னெண்டு ஓட்டுவனுங்க." பிறகு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிரித்துவிட ஒரு நூலிழை இடமில்லை, ஓரத்தோடு வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தது. வளரும் பையனுக்கு உள்ளே இரண்டு இஞ்ச் மடித்து வைத்துத் தைப்பது அவருடைய பழக்கம். ஆனால் மணப்பெண் வளர்வாளா என்ன? முகூர்த்தப் பட்டுக்கு எதற்கு உள்மடிப்பு!

இதில் ஊர்ப்பெருமை வேறு இருக்கிறது. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க ஜவுளிச் சந்தை நடக்கும் ஊர் இது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து பேல் பேலாக ஏற்றிப் போகிறார்கள். அதே செவ்வாய்க்கிழமைதான் என் மகன் சட்டைக்காகப் பிடிபட்டான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிறது. அதற்கான துணியில் ஒரு பங்கு எங்கள் பக்கத்து விசைத்தறிகளில்தான் ஓடுகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கிறார்கள். அதிலும் குறை உண்டு, அளவு தொளதொளவென்று வரும். ஆனால் எங்கள் எதிர்வீட்டுப் பாப்பா அதைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனால் அவள் பள்ளியில் யாரும் பையை இழுத்துப் பார்ப்பதில்லை.

காமராசர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தது எதற்கு? மிராசுதார் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே வரிசையில் வேறுபாடு தெரியாமல் நிற்கட்டும் என்றுதானே? அந்தச் சீருடையை வைத்தே ஒருவனைத் தனியாகப் பிரித்துக் கொடிக்கம்பத்தடியில் இரண்டாவது பீரியட் வரை நிறுத்தினீர்கள். அய்யா, வெட்டியவன் நான். ஒட்டவைத்தவன் நான். 640 ரூபாயை ஒரே வருஷத்தில் இரண்டாம் முறை கொடுக்க மனசில்லாதவன் நான். என்னை நிறுத்தியிருக்கலாமே! பத்து வயசுப் பையனை முந்நூறு பிள்ளைகள் முன்னால் வெயிலில் நிறுத்த உங்களுக்கு எப்படி மனசு வந்தது? வீட்டுக்கு வந்து அவன் ஒன்றுமே சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான்.

மன்னிக்கவும். வெயில் அதிகம், கொஞ்சம் சூடாகிவிட்டேன். தங்கள் கருணையை நான் அறியாதவனல்ல. சீருடை, புத்தகம், ஷூ எதையும் பள்ளியிலோ குறிப்பிட்ட கடையிலோதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2017 ஏப்ரலில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. தாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே. வெளியே வாங்கியவனை நிற்கத்தான் வைத்தீர்கள். ரசீதில்கூடச் சட்டை என்ற சொல் இல்லை, 'ஸ்டூடன்ட் கிட்' என்றுதான் இருக்கிறது. முகூர்த்தப் பட்டைச் சட்டை என்று எழுதினால் அதற்கு மரியாதைக் குறைவுதான்.

ஒரே ஒரு விண்ணப்பம். பேட்ஜைத் தனியாக விற்றுவிடுங்கள். நூறு ரூபாய் சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறோம். துணியின் நிறத்தையும் நம்பரையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். தறியும் ஊசியும் இந்த ஊரில் தாராளமாக இருக்கின்றன, சட்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆஃப் வொயிட் தகப்பன்

பி.கு.: தங்கள் உத்தரவுப்படி அன்றே புதுச் சட்டை வாங்கிவிட்டேன். பள்ளியிலிருந்து நேராக டெய்லர் அண்ணனிடம் போய், அக்குள் இரண்டிலும் மறுதையல் போட்டு வாங்கி வந்தேன். கூலி 20 ரூபாய். பி.டி. மாஸ்டரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.